மாமனாரின் மடையும் மருமகனின் குழாயும்

ஜனவரி 9, 1963

தெருக்குழாயில் காற்றுதான் வருகிறது. அதுவும் நல்ல சத்தத்தோடு. பக்கத்து வீட்டு உம்மு சல்மா அக்கா கேட்டார்: "ஏம்மா டீச்சர், உன் வீட்டுக்காரரு முனிசிபாலிட்டியில தண்ணி பாக்குறாரா, தண்ணி காட்டுறாரா?"



ஜனவரி 12

என்னைப் பெத்த ஐயா வந்திருந்தார். அணைக்குக் கீழே அவருக்கு வயல். கதிர் பால் பிடிக்கிற சமயம். அணையில் கிடப்பதோ அடிமட்டத் தண்ணீர். அதை வாய்க்காலில் விடுவதா, திண்டுக்கல் குழாய்க்கு வைப்பதா என்று சண்டை. விவசாயிகளுக்குத் தலைவர் என் ஐயா சிலுவைமுத்து. ஊருக்காக, முனிசிபாலிட்டி சார்பில் ஓடி ஓடி மனுக் கொடுப்பவர் என் வீட்டுக்காரர் இருதயநாதன். நல்ல சம்பந்தம்!

ஒரே கூடத்தில் உட்கார்ந்துகொண்டு இருவரும் என்னிடமே பேசினார்கள்.

"ஏத்தா, மாப்பிள்ளைகிட்டச் சொல்லு. நெல்லு வாய் தொறந்து கேக்காது, கருகித்தான் போகும்னு."

"மாமாகிட்டச் சொல்லு. இங்க பிள்ளைக வாய் தொறந்தே கேக்குதுன்னு."

நான் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேருக்கும் காது நன்றாகத்தான் இருக்கிறது.

ஜனவரி 17

வாய்க்காலை அடைக்க உத்தரவாம். அடைக்கவிடாமல் விவசாயிகள் மதகில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். முன்வரிசையில் ஐயா. வீட்டில் இவர் சாப்பிடவில்லை. "உங்கப்பா இருக்காரே—" என்று ஆரம்பித்தார்.

நான் யாருக்கு மகள், யாருக்குப் பெண்டாட்டி? எனக்கு மட்டும் கோவம் வராதா? பிள்ளைக்குக் குளிக்க ஊத்தத் தண்ணியில்லை. ச்சே.

ஜனவரி 20, ஞாயிறு

பூசை முடிந்ததும் தெருப் பெண்களைத் திரட்டிக்கொண்டு, அழுக்கு மூட்டைகளோடு பஸ் ஏறிவிட்டேன். ஐயா ஊருக்கே! வாய்க்காலில் இறங்கித் துவைக்க ஆரம்பித்தோம். மதகிலிருந்து ஐயா ஓடி வந்தார்.

"ஏ புள்ள, சவுக்காரத் தண்ணி வயலுக்குப் போகுது!"

"ஊருக்குத் தண்ணி விட மாட்டேங்கிறீக. அதான் ஊரே தண்ணிக்கு வந்திருச்சு."

சல்மா அக்கா சிரிப்பை அடக்கச் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டார். ஐயா சிரிக்கவில்லை. தண்ணீரில் உட்கார்ந்துகொண்டு எழ மறுத்த என் மகள் சகாயசெல்வியைத் தூக்கினார். அவள் கழுத்தெல்லாம் சிரங்கு.

"இம்புட்டா?"

"குளிச்சாத்தானே, ஐயா."

அம்மா எல்லோருக்கும் சோறு போட்டாள். ஐயா மட்டும் உட்காரவில்லை.

ஜனவரி 22

ஊர்க்கூட்டத்துக்கு இவரும் போயிருந்தார். வாய்க்காலை அடைக்கலாம் என்று ஐயாதான் பேச்சை எடுத்தாராம். "மகளுக்காக எங்க வாயில மண்ணைப் போடாதீரு" என்று ஐயாவை வைதார்களாம். அவர் சொன்னாராம்: "மேல வயக்காட்டுக்கெல்லாம் ஒரு தடவை பாயட்டும். அப்புறம் அடைச்சிருவோம். கடைசியில இருக்கிற கடைமடை என்னுது. அது காயட்டும்."

சொல்லிவிட்டு, எழுதி வைத்திருந்த அடுத்த மனுவை இவர் மடித்து வைத்தார்.

ஜனவரி 26

தண்ணீர்! செம்மண் நிறத்தில். "டீச்சர், காப்பி வந்திருச்சு, பாலு எங்கே?" என்கிறார் சல்மா அக்கா. பள்ளிக்கூடத்துக் கொடியேற்றத்துக்குத் தாமதமாகத்தான் போனேன்.

பிப்ரவரி 17

அறுப்புக்கு ஊருக்குப் போனோம். மற்றவர்கள் களத்தில் நெல். ஐயா வயலில் பதர்தான். "மாட்டுக்கு வைக்கோலாவது ஆச்சே, மாப்ளே" என்றார்.

இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வயலில் இறங்கி, அரிவாளைத் தப்பும் தவறுமாகப் பிடித்து அறுக்கத் தொடங்கினார். ஐயா செத்த நேரம் பார்த்தார்.

"வெரலு பத்திரம்" என்று சொல்லி, தானும் பக்கத்தில் இறங்கினார்.