அலவ்ட் என்று திருத்திய அக்காவுக்கு

என் செல்ல மலரக்கா,

நீ கண்ணை மூடி எட்டு மாதம் ஆகிவிட்டது. என் பூச்சோங் வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறேன். அதில் நான் செய்த ஒரு காரியத்தை உன்னிடம் சொல்லியாக வேண்டும்.

நம் ஊர் ஜெஞ்சாரோமிலிருந்து வேலைக்கு வந்த புதிதில் நாம் இருவரும் பழைய கிள்ளான் சாலைப் பக்கம் அறை தேடி அலைந்தோமே, நினைவிருக்கிறதா? ஒரு வீட்டு கேட்டில் அட்டை தொங்கியது: 'ரூம் ஃபார் ரென்ட். இந்தியன் நாட் அலவ்.' நான் திரும்பி நடந்தேன். பிரிக்பீல்ட்ஸில் வக்கீல் ஆபீஸ் டைப்பிஸ்டான நீ, கைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தாய்.

"அக்கா, வா லா, போயிடுவோம்."

"இருடி. 'இந்தியன்ஸ் ஆர் நாட் அலவ்ட்'னு இருக்கணும். வேணாம்னு சொல்றவங்க ஒழுங்காவாச்சும் சொல்லட்டும்."

நீ திருத்தி முடிப்பதற்குள் வீட்டுக்கார அம்மா வெளியே வந்துவிட்டார். "இப்ப சரியா இருக்கு ஆன்டி" என்று ஆங்கிலத்தில் சொன்னாய். அவர் முகம் சிவந்து உள்ளே போனார். பஸ்ஸில் நான் சிரித்து ஓய்ந்த பிறகுதான் பார்த்தேன், நீ ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டிருந்தாய். ஏன் என்று நான் கேட்கவில்லை.

போன மாதம் வீட்டுக்கு ஆள் தேடிய ஏஜென்ட் தம்பி, விளம்பரத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினான். கடைசி வரி, 'ஃபாரினர் நாட் அலவ்.' வேலைக்கு நடுவே பார்த்தேன். 'ஃபாரினர்ஸ் ஆர் நாட் அலவ்ட்' என்று திருத்தி அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போனேன். இலக்கணம் சரியானதில் ஒரு சின்னத் திருப்திகூட.

இரண்டு நாள் கழித்து அவன் கூப்பிட்டான். "அக்கா, மியன்மார்க்காரங்க, ஹஸ்பன்ட் வைஃப் வந்தாங்க. நல்ல ஆளுங்கதான். நீங்க வேணாம்னு எழுதியிருந்தீங்க, அனுப்பிட்டேன்."

"நானா எழுதினேன்?"

"நீங்கதானே அக்கா திருத்திக் குடுத்தீங்க."

பஸ்ஸில் நீ அழுதது அப்போதுதான் எனக்குக் கேட்டது.

அந்த வரியை எடுக்கச் சொன்னேன். அவர்களைத் தேடி வரவழைத்தேன். கதவு திறந்தே இருந்தது. ஆனாலும் அந்தப் பெண் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றாள். "போலே மாசோக், காக்?" என்றாள் மலாயில். உள்ளே வரலாமா அக்கா என்று கேட்கிறாள். கையைப் பிடித்து அழைத்துப் போனேன்.

வீட்டை அவர்களுக்கே விட்டேன். நேற்று அங்கே போயிருந்தேன். பால்கனிக் கொடியில் சின்னச் சின்னச் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. குழந்தை இருப்பதை அவர்கள் என்னிடம் சொல்லவே இல்லை. சொன்னால் வீடு தர மாட்டேன் என்று பயந்திருக்கிறார்கள். எத்தனை வாசலில் கேட்டிருந்தால் இப்படி ஒரு பயம் வரும் அக்கா?

என் வீட்டுக்கு யார் வரக்கூடாது என்று இனி நான் எதிலும் எழுத மாட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளையைப் பார்க்கவே போகிறேன். போய்த் தூக்கி வைத்துக்கொள்வேன்.

உன் கூடப்பிறந்தவள்,
கோமதி