தூசி தட்டப் போன அப்பா

தம்பி,

கோபப்படாமல் படி. உன் கணினியை நான் திறந்துவிட்டேன்.

நேற்று மதியம் மின்சாரம் சட்டென்று போய் வந்தது. உன் அறையிலிருந்து அப்பா வியர்த்துப்போய் வந்தார். "தூசி தட்டலாம்னு போனேன். அது செத்துப்போச்சும்மா. நீதான் பட்டம் வாங்கினவளாச்சே, வந்து பாரு" என்றார். நான் படித்தது வரலாறு. இந்த வீட்டில் அதை யார் கேட்கிறார்கள்?

பொத்தானை அழுத்தினால் விசிறி சுற்றியது, திரை கறுப்பாகவே இருந்தது. நீ அப்பாவோடு சண்டை போட்டுக் கிளம்பியபோது, வரைந்த படங்களுக்கு நகல் எடுக்கவில்லை என்பது நினைவு வந்தது. வயரைப் பிடுங்கி மாட்டிப் பார்த்தேன். பயனில்லை. பிறகு பெட்டியைத் திறந்து, நீ செய்வதைப் பார்த்த ஞாபகத்தில், ரேம் என்கிற நினைவகத் தகட்டைக் கழற்றி, அழிக்கும் ரப்பரால் தேய்த்து மாட்டினேன். "கிறுக்குறதுக்கு ஒரு மிஷினா" என்று அன்றைக்கு உன்னிடம் கத்திய அப்பா, டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, "மெதுவாம்மா, அவன் படமெல்லாம் உள்ள இருக்கு" என்றார்.

திரை விழித்தது. ஆனால் கடவுச்சொல் கேட்டது. எனக்குத் தெரியாதே என்று திரும்பினேன். அப்பா குனிந்து ஒற்றை விரலால் தட்டினார். திறந்துகொண்டது.

"எப்படிப்பா?"

"தினம் ஒவ்வொண்ணா போட்டுப் பாத்தேன். தூசி தட்டப் போறப்பதான்."

உன் மேசையில் ஒரு பொட்டுத் தூசி இல்லை, தம்பி.

படங்கள் பத்திரமாக இருக்கின்றன. இன்னொரு தடவை மின்சாரம் போனால் என்ன ஆகுமோ தெரியவில்லை. நீயே வந்து நகல் எடுத்துக்கொள். அப்பா வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து வா.

உன் அக்கா