மிக்சி துப்பாக்கி செய்த என் தம்பிக்கு

என் செல்லமே, முருகேசா,

அன்றைக்கு அந்த அரங்கத்தில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நாளைக்கு ஒருத்தரும் ‘நான் அங்கே இல்லை’ என்று நழுவக் கூடாது. மேடையில் நீ. உன் பக்கத்தில் உங்கள் கம்பெனி டைரக்டர். துப்பாக்கியைக் கையில் ஏந்தி நின்ற ரிட்டயர்டு சுபேதார் நாச்சிமுத்து. மேடைக்குக் கீழே ஓரமாக, உன்னோடு வேலை பார்த்த ஷீலா. முன்வரிசையில் நான், உன் பெண்டாட்டி வசந்தி, என் பேத்தி தீபா. எங்களுக்குப் பின்னால் டிவிக்காரர்களும் பத்திரிகைக்காரர்களும். அவர்கள் பெயர் எனக்குத் தெரியாது, முகம் தெரியும். முதலில் சிரித்த நீலச் சட்டைக்காரனை இன்றைக்குப் பாண்டி பஜார் கூட்டத்தில் பார்த்தாலும் காட்டிக்கொடுப்பேன்.

நான் ஐந்தாவதோடு நின்றவள். நான் சொல்லச் சொல்ல தீபாதான் தட்டுகிறாள். எழுத்துப் பிழையைத் திருத்து, என் பேச்சைத் திருத்தாதே என்று சொல்லியிருக்கிறேன்.

உனக்கு ஒரு சேதி. உன் துப்பாக்கி தேறிவிட்டது! மணலில் புதைத்து, சேற்றில் முக்கி, பனியில் போட்டு எடுத்துச் சுட்டுப் பார்த்தார்களாம். பட்டாளம் எடுத்துக்கொள்ளப் போகிறது. சந்தோஷப்படுகிறாயா? இரு, முழுசாகக் கேள். ‘முதல் டிசைனில் இருந்த குறையை நாங்கள் கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டோம்’ என்று உங்கள் டைரக்டர் டிவியில் சொல்கிறார். முதல் டிசைன் என்றால் நீ. குறை என்றாலும் நீ. அதனால்தான் இந்தக் கடிதத்தை உன் படத்துக்கு முன்னால் வைக்காமல் ஊர் படிக்கும்படி எழுதுகிறேன்.

அந்தத் துப்பாக்கியை எனக்கு நீ சொல்லித் தந்தது நினைவிருக்கிறதா? சமையல்கட்டில் நான் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தேன். “இதான்க்கா அது. அடில மோட்டாரு ஒண்ணு. மேல ஜார மட்டும் மாத்திக்கினே போலாம். சட்னிக்கு ஒண்ணு, மாவுக்கு ஒண்ணு. என் துப்பாக்கில குட்டக் குழல் கீது, நெட்டக் குழல் கீது. சந்துல சண்டைன்னா குட்டை, மலைல சண்டைன்னா நெட்டை. கழுத்துல கீற வளையத்தக் கால்வாசி திருப்புனா கழண்டு வந்துரும்” என்றாய். “அப்ப ரெண்டு துப்பாக்கி தூக்கற எடத்துல ஒண்ணு தூக்குனா போதும்னு சொல்லு” என்றேன். “அவ்ளோதான். இதச் சொல்ல நான் அங்க எத்தினி படம் போட்டுக் காட்டினு இருந்தேன் தெரியுமா?” என்று சிரித்தாய்.

அதையேதான் மேடையிலும் சொன்னாய். ஜனங்களுக்குப் புரிய வேண்டும் என்று மிக்சியை வைத்துச் சொன்னாய். புரிந்தது, கை தட்டினார்கள். அப்புறம் நாச்சிமுத்து வளையத்தைப் பிடித்துத் திருப்பினார். அது அசையவில்லை.

மறுபடி திருப்பினார். துண்டைச் சுற்றித் திருப்பினார். நீ போய் உன் கையால் திருப்பினாய். உன் கழுத்து நரம்பு புடைத்தது எனக்குத் தெரிந்தது. அப்போதுதான் பின்னால் இருந்து அந்த நீலச் சட்டை கத்தினான்: “அண்ணே, ஜார் மாட்டிக்கிச்சு!”

அவ்வளவுதான். அன்று சாயங்காலத்துக்குள் நீ நாடு முழுக்க மிக்சி துப்பாக்கிக்காரன் ஆகிவிட்டாய். போனைத் திறந்தால் உன் முகம், துப்பாக்கி முனையில் சட்னி வழிகிற படம். டிவியில் நாலு பேர் உட்கார்ந்து ஒருத்தர் பேச்சை ஒருத்தர் கேட்காமல் கத்தினார்கள். வெளிநாட்டுத் துப்பாக்கியைப் பார்த்துக் காப்பியடித்தது என்றார் ஒருவர். காப்பியாவது ஒழுங்காக அடித்திருக்கக் கூடாதா என்றார் இன்னொருவர். இப்படிப்பட்ட துப்பாக்கியை நம்பிப் போகிற சிப்பாய் பிணமாகத்தான் வருவான் என்று சொன்னாரே, அந்த நரைமீசை, அதைக் கேட்டுத்தான் நீ டிவியை அணைத்தாய். மற்றதெல்லாம் உனக்குக் கேலி. அது மட்டும் அடி.

தீபா முன்னொரு தரம் உன்னைக் கேட்டாளே, “சின்ன தாத்தா, ஆளக் கொல்ற பொருளச் செய்றீங்களே, உங்களுக்குத் தூக்கம் வருதா?” என்று. நான் அவளை அடக்கப் பார்த்தேன். நீதான், “கேக்கட்டும்க்கா” என்றாய். “சில நாளு வர்றதில்ல கண்ணு. ஆனா மாட்டிக்கிற துப்பாக்கிய ஒருத்தன் கைல குடுத்தேன்னு வெய்யி, சாவறது புடிச்சிக்கினு நிக்கிறவன். அப்பறம் எனக்கு எந்த நாளும் வராது.” துப்பாக்கி நல்லதா கெட்டதா என்று அவள் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். ஆனால் நீ ஏனோதானோ என்று செய்தவன் இல்லை. அதற்கு நான் பதில் சொல்வேன், எந்தச் சபையிலும்.

அந்தத் தீபாவளிக்குத் துணி எடுக்கத் தி.நகர் போனேன். ஒரு பாத்திரக்கடை வாசலில் பேனர். துப்பாக்கிக்குப் பக்கத்தில் மிக்சி படம் போட்டு, ‘எங்க ஜார் மாட்டாது!’ உன்னிடம் நான் இதைச் சொல்லவே இல்லை. உள்ளே போய்க் கடைக்காரரைக் கூப்பிட்டேன். “சும்மா தமாசுக்குப் போட்டதும்மா, கோவப்படாதீய” என்றார் அந்தத் தெற்கத்திக்காரர். “என் தம்பிய வச்சி இன்னாயா தமாசு?” என்று வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன். தீபாவளிக் கூட்டம், உள்ளே போகிறவர்கள் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். பேனர் இறங்கியது. ஒரு எவர்சில்வர் தூக்கை நீட்டி, “வச்சிக்கிடுங்கம்மா” என்றார். வாங்கவில்லை. அந்தக் கடைப் படியை இன்றுவரை மிதிக்கவில்லை.

இனி நீ சொல்லாதே என்று சொன்னதைச் சொல்லப் போகிறேன். கோபித்துக்கொள்.

அரங்கத்தில் காட்டியது விஜயதசமி அன்று காலை. முதல் நாள் ஆயுத பூஜை. தரமணி ஆபீசில் ஸ்பேனரிலிருந்து கம்ப்யூட்டர் வரை பொட்டு வைத்தார்கள். “துப்பாக்கிக்கு வேணாம் சார், அதோட பெட்டிக்கு வச்சிக்கலாம்” என்று நீ சொன்னாய். போட்டோக்காரர் வந்து நின்றதும் உங்கள் டைரக்டர் கிண்ணத்துச் சந்தனத்தை அப்படியே அள்ளி, அம்மனுக்குச் சாத்துகிற மாதிரி அதன் கழுத்தில் அப்பினார். வளையம் இருக்கிற இடத்தில். போட்டோ நன்றாகத்தான் வந்திருந்தது, பேப்பரில் நானும் பார்த்தேன்.

நீ துடைக்கப் போனாய். “பூஜையில வச்சத இன்னிக்கு எடுக்கக் கூடாது முருகேசன், காலையில புனர்பூஜை ஆனப்பறம்தான்” என்று அறையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனார். அது நம் வழக்கம்தான், நானும் அரிவாள்மனையைத் தொட மாட்டேன். ஆனால் காலையில் அவர் வந்ததே தாமதம். பிரித்துச் சுத்தம் பண்ண நேரம் கொடுங்கள் என்று நீ கேட்டதற்கு, “பிரஸ் வந்தாச்சு, மேல தொடச்சாப் போதும்” என்றார். ஷீலா மேலாகத் துடைத்தாள். உள்ளே இறங்கின சந்தனம் ராத்திரி முழுக்கக் காய்ந்து சிமெண்ட் மாதிரி இறுகிக் கிடந்தது.

“இத எதுக்குடா வெளிய சொல்லாம இருக்க?” என்று கேட்டேன். “சொன்னா, பூஜையக் குத்தம் சொல்றான்னு வேற ஆரம்பிப்பாங்கக்கா. துப்பாக்கிய உட்டுட்டு அதப் புடிச்சிப்பாங்க. அவரே சொல்லுவாரு, பாரேன்” என்றாய்.

சொன்னாரா? உன்னை அந்த வேலையிலிருந்து எடுத்து, ஸ்டோர்ஸ் பக்கம் ஒரு மேஜை போட்டார். நீ தினமும் மந்தைவெளியில் ரயில் ஏறிப் போய் அந்த மேஜையில் உட்கார்ந்துவிட்டு வந்தாய். தை மாதம் ஒரு காலையில் ஷூ போடக் குனிந்தவன் நிமிரவில்லை. இதயம் என்றார் டாக்டர். அவர்கள்தான் கொன்றார்கள் என்று நான் சொல்ல மாட்டேன், தெரியாததைச் சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை. ஆனால் கடைசி வரை நீ காத்துக்கொண்டிருந்தாய் என்பது எனக்குத் தெரியும்.

போன வாரம் டைரக்டர் நம் வீட்டுக்கு வந்தார். ஆப்பிள், சாத்துக்குடி, பெரிய பூமாலை. துப்பாக்கி தேறியதற்கு விழாவாம், உன் படத்தைத் திறந்துவைப்பார்களாம், வசந்திக்கும் எனக்கும் பொன்னாடையாம்.

“நீங்க ரெண்டு வார்த்தை பேசினா நல்லா இருக்கும்மா. முதல்ல இருந்த குறையைச் சரிபண்ணினதப் பார்த்து, அவர் இருந்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பாருன்னு.”

“கொற எங்க சார் இருந்திச்சு?” என்றேன். “வளையத்துலயா, சந்தனத்துலயா?”

வசந்தி காபி டம்ளரோடு அப்படியே நின்றுவிட்டாள். அவர் முகம் கறுத்தது. “பெரியவங்க நீங்க, பூஜையைப் பத்தி இப்படிப் பேசலாமா?”

“நான் சாமிய ஒண்ணும் சொல்லல சார். அப்பின கையச் சொல்றேன். காபி ஆறுது, குடிங்க.”

குடிக்காமல் எழுந்து போனார். மாலையைத் தீபா வாசலுக்கு வந்த மாட்டுக்குப் போட்டாள்.

மறுநாள் ஷீலா வந்தாள். இவள்மேலும் எனக்கு வன்மம் இருந்தது, உனக்குத் தெரியும். நம் வீட்டில் எத்தனை தடவை சாப்பிட்டவள், எல்லாம் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தாள். உட்கார் என்றுகூட நான் சொல்லவில்லை. நின்றுகொண்டே அழுதாள். “அவர் டிசைன்ல எதையுமே மாத்தலம்மா. அதே வளையம், அதே அளவு. கறுப்பு பெயிண்ட மாத்தி மண் கலர் அடிச்சாங்க, அவ்வளவுதான். பயந்துட்டேம்மா” என்றாள். “இத விழாவுல சொல்லுவியா?” என்று கேட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம், “நீங்க எழுந்திருச்சா நானும் எழுந்திருக்கறேன்” என்றாள். அதற்கப்புறம்தான் உட்காரச் சொன்னேன். தோசை ஊற்றிக் கொடுத்தேன்.

இதுவரை தட்டிய தீபா இப்போது கையை எடுத்துவிட்டாள். “எல்லாம் சொல்லு ஆயா, அந்தாள் பேர மட்டும் போடாத. கேஸ் போடுவாங்க” என்கிறாள். கேஸ் போடட்டும். கோர்ட்டில் கூண்டில் ஏற்றி, நடந்ததைச் சொல்லு என்பார்கள். இதைவிட எனக்கு வேறென்ன வேண்டும்?

கேள் முருகேசா, உன் அக்கா சத்தியம் பண்ணுகிறாள். விழாவுக்குப் போவேன். பொன்னாடையைத் தொட மாட்டேன். மேடையில் எவர் வாயிலிருந்தாவது ‘குறை’ என்ற வார்த்தை வரட்டும், அந்த இடத்திலேயே எழுந்து, சந்தனத்தை அப்பியதிலிருந்து சாவியை எடுத்துப் போனதுவரை சொல்வேன். எனக்கு மைக் வேண்டாம், என் தொண்டை உனக்குத் தெரியும். வெளியே தள்ளினால் வாசலில் நின்று சொல்வேன்.

நீலச் சட்டைக்காரனை மன்னித்துவிட்டேன், சிரிப்பு வந்தது, சிரித்தான். நரைமீசையையும் விட்டுவிடுகிறேன், அவருக்கு உண்மை தெரியாது. ஷீலாவை மன்னித்தாகிவிட்டது. பாத்திரக்கடைக்காரரைப் பற்றி இன்னும் யோசிக்கிறேன். ஒருத்தரை மட்டும், நீயே வந்து என் காலைப் பிடித்துக் கேட்டாலும், மன்னிக்க மாட்டேன். தீபா தட்ட மாட்டேன் என்றதால், போனை வாங்கி, ஒவ்வொரு எழுத்தாகத் தேடி நானே போடுகிறேன்.

உன்னை இடுப்பில் தூக்கித் திரிந்த உன் அக்கா,
தனலட்சுமி

அவர் பெயர் வே. குலசேகரன்.