கார்த்திகை நெய்யும் ட்ரம்பெட் ஸ்லைடும்

இன்று காலை கிரீஸ் டப்பாவைத் திறந்தேன். மழையில் நனைந்த ஆட்டின் வாசனை. இத்தனை வருஷம் ஆகியும் முதல் மூச்சுக்கு முகம் சுளிக்கத்தான் செய்கிறது. அடுத்த மூச்சுக்கு நீங்கள் வந்துவிடுகிறீர்கள்.

தை பிறக்கப் போகிறது. ஆற்றுத் திருவிழாவுக்கு முன்னால் பேண்டு செட்டின் வாத்தியங்கள் எல்லாம் வழக்கம்போல நம் வீட்டுக்கு வந்து இறங்கியிருக்கின்றன. கூடத்தில் பழைய போர்வையை விரித்து வரிசையாகப் படுக்க வைத்திருக்கிறேன். உங்கள் ட்ரம்பெட்டும் அதில் இருக்கிறது. மடுகரையிலிருந்து வருகிற ஒருவர் இப்போது அதை ஊதுகிறார். நல்ல மனுஷர், துடைத்துத்தான் பெட்டியில் வைக்கிறார்.

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். யாரிடமும் சொல்லாதே என்று நீங்கள் சொன்னதை நேற்று சொல்லிவிட்டேன். முதலிலிருந்து சொன்னால்தான் கோபித்துக்கொள்ளாமல் கேட்பீர்கள்.

பேண்டு மாஸ்டருக்கு முன்பல் ஆடிப்போய்ப் பிடுங்கின வருஷம் நினைவிருக்கிறதா? பல் இல்லாமல் ட்ரம்பெட் நிற்காது. இனி செட்டுக்கு முதல் ட்ரம்பெட் யார் என்ற பேச்சு வந்தது. ஒன்று நீங்கள், இல்லையென்றால் மணப்பட்டு ஏழுமலை. "ஆத்துத் திருவிழாவுக்கு ரெண்டு பேரும் ஊதுங்க, கேட்டுட்டுச் சொல்றேன்" என்று மாஸ்டர் சொல்லிவிட்டார். அத்தனை வருஷமும் இரண்டாவது ஆளாக, ஓர் அடி பின்னால் நின்று ஊதியவர் நீங்கள்.  சாப்பிடும்போது இடது கையில் பிடித்த சொம்பின் மேல் உங்கள் விரல்கள் வால்வு அமுக்கிக்கொண்டே இருந்தன.

நானும் ஏதாவது செய்ய வேண்டும் என்று தவித்தேன். குழாய்க்குள் குழாயாகச் செருகியிருக்கும் அந்த ஸ்லைடை இழுத்தால் சுருதி இறங்கும், தள்ளினால் ஏறும் என்பது வரைக்கும் உங்களைப் பார்த்தே தெரிந்துவைத்திருந்தேன். அது வழுக்கிக்கொண்டு போக, சைக்கிள் கடையில் வாங்கின கறுப்பு கிரீஸைத் தடவுவீர்கள். சாமிக்கு முன்னால் ஊதுகிற சாமானுக்கு அந்த அழுக்கா என்று எனக்கு உறுத்தல். கார்த்திகை தீபத்தன்று கோயிலில் கொடுத்த நெய் ஒரு கிண்ணம் வீட்டில் இருந்தது. நீங்கள் கழனிக்குப் போன நேரம் பார்த்து, கறுப்பையெல்லாம் துடைத்தெடுத்து, நெய்யைத் தாராளமாகத் தடவி, ஸ்லைடைக் கடைசி வரை தள்ளி, பெட்டிக்கு ஒரு கும்பிடு போட்டு மூடினேன். எப்படி வழுக்கியது தெரியுமா! பெருமாளே என் கையைப் பிடித்துத் தள்ளின மாதிரி இருந்தது.

வெள்ளிக்குவெள்ளி குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்க்கிறவள் நான். நெய் தங்கின பித்தளை பச்சைக் களிம்பு பிடிக்கும் என்பது எனக்குத் தெரியாதா? விளக்கென்றால் தெரியும். ட்ரம்பெட் என்றதும் புத்தி அந்தப் பக்கமே போகவில்லை.

மார்கழியில் கல்யாணம் கிடையாது. பக்கத்து வீட்டில் கைக்குழந்தை என்று நீங்களும் மவுத் பீஸை மட்டும் வைத்துக்கொண்டு வாத்து கத்துகிற மாதிரி ஊதிப் பழகினீர்கள். பெட்டி ஒரு மாசம் மூடியே கிடந்தது.

தை ஐந்தாம் நாள் விடியற்காலை, சாமி ஆற்றுக்குப் புறப்படக் கோயில் வாசலில் நிற்கிறது. க்ளாரினெட்டோடு சேர்த்துப் பார்த்தால் உங்கள் சுருதி கொஞ்சம் ஏறி நின்றது. ஸ்லைடை இழுத்தீர்கள். வரவில்லை. துண்டைச் சுற்றிப் பிடித்து இழுத்தீர்கள். அசையவில்லை.

"இன்னா அண்ணே, மார்கழி பூரா பெட்டியவே தொறக்கலியா?" என்றான் ஏழுமலை. எல்லாரும் சிரித்தார்கள். நீங்கள் குனிந்து ஸ்லைடின் ஓரத்தில் இருந்த பச்சையைப் பார்த்தீர்கள். பிறகு பெண்கள் நின்ற பக்கம் திரும்பி என்னைப் பார்த்தீர்கள். நான் பெருமாளைப் பார்த்தேன்.

ஆறு வரைக்கும், ஒவ்வொரு சுரத்தையும் உதட்டைத் தளர்த்தித் தளர்த்தி உதட்டாலேயே இறக்கி ஊதிக்கொண்டு வந்தீர்கள். வெயில் ஏற ஏறப் பித்தளை சூடாகிச் சுருதி இன்னும் ஏறும் என்று அப்போது எனக்குத் தெரியாது. உங்கள் கழுத்து நரம்பு மட்டும் தெரிந்தது. கடைசிப் பாட்டில் இரண்டு இடத்தில் பிசிறியது. மாஸ்டர் யோசிக்கவேயில்லை. "ஏழுமலையே முன்னாடி நிக்கட்டும். இவன் ஊதறதுல கெட்டி, சாமான்ல அக்கறை இல்ல" என்று சொல்லிவிட்டார்.

ஆற்று மணலில் புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தபடி, "ஏங்க, நான்தான்..." என்றேன்.

"தெரியும்டி. எனக்கு மூக்கு இல்லியா? பெட்டியத் தொறந்தா சக்கரைப் பொங்கல் வாசனை அடிக்குது. வூட்ல வேற யாரு நெய்ய வெச்சிக்கினு அலையறா?"

"எல்லார்கிட்டயும் போயிச் சொல்லிடறேங்க."

"சும்மா இரு. கோயில் நெய்யாலதான் மாட்டிக்கிச்சுன்னு தெரிஞ்சா இவனுங்க சாமியக் கிண்டல் பண்ணுவானுங்க. என்னச் சோம்பேறின்னு சொல்லிக்கட்டும், இன்னா கொறஞ்சிடப் போவுது? யார்கிட்டயும் சொல்லக் கூடாது, ஆமா." அப்புறம் உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "புளிச்சோறு வாணாம், எரியும். தயிர்சோறு இருக்குதா?" என்றீர்கள்.

வெந்நீரும் மண்ணெண்ணெயும் ஊற்றி இரண்டு நாள் ஊறவைத்துத்தான் அந்த ஸ்லைடு வெளியே வந்தது. "இனிமே இது உன் வேல. கெடுத்தவளே பாத்துக்கோ" என்று ட்ரம்பெட்டை என் மடியில் வைத்தீர்கள். தண்டனையா விளையாட்டா என்று உங்கள் முகத்தில் தெரியவில்லை. நான் அதை விரதம் மாதிரி எடுத்துக்கொண்டேன். பால் கணக்கு எழுதும் நோட்டின் பின்பக்கத்தில் எந்த மாசம் எதைத் தடவினேன், எப்படி நின்றது என்று எழுதிவந்தேன். வாஸ்லீன் தடவினால் பனிக்குச் சரியாக இருந்தது. சித்திரை வெயிலில் இளகி, சாமி ஊர்வலத்தில் ஸ்லைடு தானாகவே இறங்கி வந்தது. "அதுக்கே ஆட்டம் வந்துடுச்சு" என்று சிரித்தீர்கள். ட்ராக்டர் கிரீஸ் நன்றாகப் பிடித்தது. உங்கள் வெள்ளை யூனிஃபார்மில் விழுந்த கறை மூன்று சலவைக்கும் போகவில்லை.

கடைசியில் டவுனில் வாத்தியக் கடையில் ஸ்லைடுக்கென்றே விற்கிற சின்ன டப்பாவை வாங்கி வந்தீர்கள். மேலே இருந்த இங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் படித்தேன். புரியாத ஒரு வார்த்தையை மருந்துக் கடைப் பெண்ணிடம் காட்டினேன். "ஆட்டு ரோமத்துல எடுக்கற கொழுப்புக்கா" என்றாள். எனக்கு எப்படி இருந்திருக்கும்! டப்பாவைக் கொண்டுபோய்ப் பின்கட்டு அலமாரியில், பூஜை மாடத்துக்கு எட்டாத தூரத்தில் வைத்தேன்.

நீங்கள் விடவில்லை. "சாமி காதாலதான்டி பாட்டுக் கேக்குது. மூக்கால யாராவது கேப்பாங்களா?"

டப்பாவை எடுத்து வந்து தடவிப் பார்த்தேன். பனிக்கும் வெயிலுக்கும் அது ஒரே மாதிரி நின்றது.

பழைய கிரீஸைச் சுத்தமாகத் துடைத்துவிட வேண்டும். குழந்தை கண்ணுக்கு மை எடுக்கிற அளவு போதும். அதிகமானால் உள்ளே போய் வால்வில் அப்பும். விரலால் சுற்றித் தடவி, திருகித் திருகித் தள்ளி, விளிம்பில் பிதுங்குவதை வழித்துவிட வேண்டும், இல்லையென்றால் தெருப்புழுதி ஒட்டும். வாசிக்கும்போதே விரலால் இழுக்கிற சின்ன ஸ்லைடுக்கு மட்டும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு இளக்கிக்கொள்வேன். இதெல்லாம் யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. ஒரு தையில் ஏழுமலை தன்னுடையதைத் தூக்கிக்கொண்டு வந்து, "அண்ணி, அண்ணனுது மட்டும் வெண்ணெ மாதிரி போவுது, எனக்கும் போட்டுக் குடுங்க" என்று நின்றான். அப்புறம் செட்டே வந்தது. நீங்கள் கடைசி வரை இரண்டாவது ட்ரம்பெட்தான். அதில் குறைபட்டு நான் ஒரு நாளும் உங்களைப் பார்த்ததில்லை.

ஆனால் அந்தச் சோம்பேறிக் கதை மட்டும் போகவில்லை. வருஷா வருஷம் ஏழுமலை அதைச் சொல்வான், நீங்களே முதலில் சிரிப்பீர்கள். நேற்றும் வாத்தியங்களை இறக்கிவிட்டு டீ குடித்துக்கொண்டே, "அண்ணன் மாதிரி ஊத ஆளு இல்ல. இன்னா ஒண்ணு, சோம்பேறி. மார்கழி பூரா பெட்டியவே தொறக்கல" என்றான். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். பாசத்தில்தான் சொன்னான், எனக்குத் தெரியும். ஆனால் அந்தச் சிரிப்பில் நீங்கள் இல்லையே. நீங்கள் சேர்ந்து சிரித்த வரைக்கும் அது விளையாட்டு. நேற்று அது உங்கள் பெயரில் ஒரு கறையாக என் காதில் விழுந்தது.

"அவரு தொறக்கல, நான் தொறந்தேன்" என்றேன். கார்த்திகை நெய், கும்பிடு, ஆற்று மணலில் நீங்கள் சொன்னது, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். 

ஏழுமலை டீ டம்ளரைக் கீழே வைத்தான்.  "நானும் தெனம் ஊதறவன்தான். ஆத்தங்கர வரைக்கும் ஒதட்டாலயே எறக்கினு வர என்னால ஆவாது அண்ணி. அன்னிக்குப் பக்கத்துலயே நின்னேன், அண்ணன் சோர்ந்து ஊதுறாருன்னு நெனச்சேன்" என்றான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். உடனே சிரிக்கவும் தொடங்கிவிட்டான். "ஆனா நெய்யா அண்ணி! முந்திரிப் பருப்பும் வறுத்துப் போட்டிருக்கலாமே!"

உங்கள் சொல்லை மீறிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பயந்த மாதிரி ஒன்றும் ஆகவில்லை. சாமியை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நெய் தடவினவளைத்தான் தெரு முனை வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டே போனார்கள்.