வெந்த கிழங்கில் ஏறாத தண்ணீர்

இன்று காலை உருளைக்கிழங்கை வேகவைத்து இறக்கினேன். மூடியைத் திறந்ததும் அந்த மண்வாசனை ஆவியோடு முகத்தில் அடித்தது. உன் ஞாபகம் வந்து அடுப்படியிலேயே சிரித்துவிட்டேன். அப்புறம் அழுதேன். சிரிக்க வைத்த கையோடு அழவும் வைக்கிறாயே, உனக்கே நியாயமா இது?

எண்பதுகளின் கடைசி. ஆவடி குவார்ட்டர்ஸில் நமக்கு அடுத்தடுத்த வீடு. இரண்டு அப்பாக்களும் ஒரே ஃபேக்டரி, ஒரே ஷிஃப்ட். பிளஸ் டூ முடித்ததும் நர்ஸிங் சீட் கிடைக்காவிட்டால் உனக்குத் திருநெல்வேலி மாமா மகனோடு கல்யாணம் என்று உன் அப்பா முடிவாகச் சொல்லியிருந்தார். நீயோ அதற்குள் நர்ஸாகவே ஆகிவிட்ட நினைப்பில் கண்டதையெல்லாம் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தாய். ஸ்பூன், சீப்பு, என் தோடு, எதுவும் தப்பவில்லை.

பிராக்டிகல் பரீட்சையன்று வந்தது வினை. உருளைக்கிழங்கைத் தோல் சீவி, கிண்ணம்போலக் குடைந்து, உள்ளே சர்க்கரைத் தண்ணீர் ஊற்றி, வெறும் தண்ணீரில் நிறுத்த வேண்டும். கொஞ்ச நேரத்தில் உள்ளே மட்டம் ஏறும். என்னுடையது ஏறியது. உன்னுடையது அசையவே இல்லை.

"இன்னாடி பண்ணே?" என்று கிசுகிசுத்தேன்.

"கிருமி இருக்கும்னு பர்னர்ல வச்சு கொதிக்க வச்சேன்டி."

குடைந்து வைத்திருந்த இன்னொரு பச்சைக் கிழங்கை மேஜைக்கடியில் நீட்டினேன். "மாத்திக்கடி, சீக்கிரம்!" நீ என் கையைத் தள்ளிவிட்டாய். அதற்குள் எக்ஸாமினர் வந்துவிட்டார்.

"ஏம்மா, உன்னோடது ஏறல?"

நீ வெளித் தண்ணீரில் விரலை விட்டு நக்கிப் பார்த்தாய். பரீட்சை நேரத்தில், அவர் கண்ணெதிரில்!

"இனிக்குது சார். தெரியாம வேகவச்சிட்டேன், செல்லெல்லாம் செத்துப்போச்சு. உசுரோட இருந்தா அதைச் சுத்தியிருக்கிற சவ்வு தண்ணிய உள்ள விடும், சர்க்கரைய வெளிய விடாது. செத்தப்புறம் எதையும் தடுக்காது. எல்லாம் ஒழுகிடுச்சு சார்."

"இவ்வளவு தெரிஞ்சுகினுதான் வேகவச்சியா?" என்று அவர் விழுந்து விழுந்து சிரித்தார். மார்க் வந்தது, சீட் வந்தது. மாமா மகன் வேறு பெண் பார்த்துக்கொண்டான்.

பூந்தமல்லிப் பக்கம் எத்தனையோ பேரைப் பிழைக்க வைத்துவிட்டு, போன வருடம் நீயே படுக்கையில் விழுந்தாய். "சரியாயிடும்னு மட்டும் சொல்லுங்க" என்று உன் வீட்டார் வருகிறவர்களிடமெல்லாம் கெஞ்சினார்கள். நானும் அப்படியே சொன்னேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய்.

"நர்ஸுகிட்டயே கதை விடுறியா? நீயாவது உண்மைய சொல்லுடி."

"இனிமே ஒண்ணும் பண்ண முடியாதுன்னு டாக்டருங்க சொல்லிட்டாங்கடி" என்றேன்.

நீ அழவில்லை. "அப்பாடா, வா, இப்பப் பேசலாம்" என்று நகர்ந்து படுத்து, கட்டிலில் எனக்கு இடம் கொடுத்தாய். இருட்டும் வரை பேசினாய். உன் பயம், கோபம், யாரிடமும் சொல்லாத ஆசை, எல்லாம். நீ போனபிறகு, கடைசியாக என்ன சொன்னாள் என்று உன் வீட்டார் இன்றும் கேட்கிறார்கள். அதில் ஒரு வார்த்தையைக்கூட நான் இன்னும் வெளியே விடவில்லை.