மூன்று லிட்டர் சிலிண்டர்

வாலுவின் அப்பாவுக்கு,

வணக்கம். இடது காதைத் தவிர இங்கே மற்றதெல்லாம் நலம். உங்கள் நலத்தை உங்கள் கடிதமே சொல்லிவிட்டது. நான்கு பக்கத்தில் மூன்றரைப் பக்கம் அங்கே கடல் எவ்வளவு தெளிவு, புதுக் கேமரா எவ்வளவு துல்லியம் என்று எழுதிவிட்டு, கடைசி அரைப் பக்கத்தில் மகளைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அந்த அரைப் பக்கத்துக்குத்தான் இந்தப் பதில்.

போனிலேயே சொல்லியிருக்கலாம். நான் ஆரம்பித்தால் நீங்கள் சிரித்துப் பேச்சை மாற்றுவீர்கள், இல்லாவிட்டால் "சிக்னல் சரியில்ல, அப்புறம் கூப்பிடுறேன்" என்பீர்கள். அதனால்தான் எழுதி, உறையை ஒட்டி, வாலுவின் பெட்டியில் சிலிண்டரைச் சுற்றிய துண்டுக்குள் வைக்கிறேன். அவள் பிரிக்க மாட்டாள். அந்த நம்பிக்கை எனக்கு அவள்மேல் உண்டு.

நீங்கள் கேட்டது இதுதான். விடுமுறைக்கு வரும் பதினாறு வயது மகளை முதல்முறையாகக் கடலுக்குள் கூட்டிப் போகப் போகிறீர்கள். அடியில் இருக்கும்போது அவளுடைய சிலிண்டர் கைவிட்டால் இரண்டாவது காற்றுக்கு என்ன வழி? நீங்களே மூன்று வழி எழுதி, "உனக்குத்தான் இதெல்லாம் தெரியும், பார்த்து முடிவு பண்ணு" என்று முடித்திருக்கிறீர்கள். டைவிங் கருவிகள் பழுது பார்க்கும் மேசையில் பதினான்கு வருடமாக, சிலிண்டர் காற்றை மூச்சுக்கு ஏற்றபடி குறைத்துத் தரும் ரெகுலேட்டர்களைப் பிரித்து மாட்டிக்கொண்டிருக்கிறேன். என் வேலைக்கு நீங்கள் கொடுத்த முதல் மரியாதை இது. தாமதமாக வந்தாலும் வாங்கிக்கொள்கிறேன்.

உங்களுக்குப் பிடித்தது உள்ளங்கை அளவு குட்டி பாட்டில் என்று தெரிகிறது. பெட்டியில் இடம் அடைக்காது, கனமில்லை, பார்க்க அழகு. எங்கள் கடையிலும் கண்ணாடி அலமாரியில் முன்வரிசையில் வைத்திருக்கிறோம், நன்றாகப் போகிறது. அதில் இருப்பது அரை லிட்டர் இடம். பதினெட்டு மீட்டர் ஆழத்தில், பயந்துபோய் இழுக்கிற மூச்சுக்கு அது ஒரு நிமிடம் தாங்கினால் பெரிய விஷயம். வாங்குகிறவர்களிடம் இதைச் சொல்லக்கூடாது என்று முதலாளி சொல்லியிருக்கிறார். நான் சொல்லிவிடுகிறேன். அதனால்தான் என்னை விற்பனைப் பக்கம் விடாமல் உள்ளறையில் உட்கார வைத்திருக்கிறார்.

இரட்டை சிலிண்டர் பற்றிப் பேச்சே வேண்டாம். அதைத் தூக்கிக்கொண்டு அவளால் படகில் எழுந்து நிற்கக்கூட முடியாது.

மூன்றாவதாக, "நான்தான் பக்கத்துலயே இருப்பேனே, என்னோட சிலிண்டர்ல உபரியா தொங்குற மஞ்சள் மூச்சு ட்யூபை எடுத்துக்கிட்டா போச்சு" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை நான்கு முறை படித்தேன். நான்காவது முறை படித்தபோது மேசைமேல் பிரித்து வைத்திருந்த ரெகுலேட்டரின் ரப்பர் வளையங்களைக் கை தட்டிவிட்டது. தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தேன்.

பதினொரு வருடம் ஆகிறது. நீங்கள் மறந்திருப்பீர்கள் என்று சொல்ல மாட்டேன், ஏனென்றால் அந்தக் கதையைப் போகிற இடமெல்லாம் சொல்கிறீர்கள். உங்கள் அக்கா வீட்டில் சொன்னீர்கள், உங்கள் அலுவலக விருந்தில் சொன்னீர்கள். "அடியில போனதும் ஆளு பதறிட்டா, விட்டா போதும்னு ராக்கெட் மாதிரி மேல போயிட்டா." எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரித்து வைப்பேன். போன மாதம் வாலு வந்து, "அம்மா, நீ தண்ணிக்குள்ள பயந்து ஓடிட்டியாமே, அப்பா போன்ல சொன்னாரு" என்றாள். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

நடந்ததை ஒருமுறையாவது எழுதி வைக்கிறேன். அன்று காலை காற்று நிரப்பும் கம்ப்ரசர் பாதியில் மக்கர் செய்தது. ஒரு சிலிண்டரில் இருநூறு பார் அழுத்தம் ஏறியிருந்தது, இன்னொன்றில் நூற்றுப் பத்துதான். நிறைந்ததை உங்கள் முதுகில் மாட்டிவிட்டு, குறைந்ததை நான் எடுத்துக்கொண்டேன். நீங்கள் அதிகம் மூச்சு இழுப்பவர், வேண்டுமானால் உங்கள் மஞ்சள் ட்யூபைப் பிடித்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். சாப்பாட்டு மேசையில் பெரிய துண்டை உங்கள் தட்டில் வைக்கிற அதே புத்தி. அது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொரு தப்பும் என்னுடையதுதான். குதிப்பதற்கு முன் ஜோடியில் ஒருவர் கருவியை இன்னொருவர் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பது பாலபாடம். முன்பின் தெரியாதவர்கள்கூட ஒழுங்காகப் பார்க்கிறார்கள். கணவன் மனைவியாக வருகிறவர்கள்தான் பார்ப்பதில்லை. வீட்டு மனுஷனிடம் என்ன சோதனை என்று நானும் பார்க்கவில்லை. கேமராக் கயிற்றில் சிக்குகிறது என்று அந்த மஞ்சள் ட்யூபை நீங்கள் முந்தின நாளே கழற்றி, துளையை அடைத்துவிட்டது எனக்குத் தெரியாது. நீங்களும் சொல்லவில்லை.

என் காற்று மீட்டர் ஐம்பதுக்கு இறங்கியதும் உங்களுக்குச் சைகை காட்டினேன். மூழ்கிய கப்பலின் விசிறியைப் படம் எடுத்துக்கொண்டிருந்த நீங்கள் திரும்பாமலே ஒரு விரலைத் தூக்கினீர்கள். ஒரு நிமிடமாம். படம் கெட்டால் நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வீர்களே என்று நானும் காத்திருந்தேன், முட்டாள் மாதிரி. விரல் இறங்குவதற்குள் நீங்கள் கப்பலின் மறுபக்கம் போய்விட்டீர்கள்.

தேடி வந்து உங்கள் சட்டையைப் பிடித்தபோது என் வாயில் காற்று வரவில்லை. மஞ்சளைத் தேடினேன், இல்லை. நீங்கள் உங்கள் வாயில் இருந்ததை எடுத்துக் கொடுத்தீர்கள். இரண்டு மூச்சு. வாங்கிக்கொண்டீர்கள். நான் மறுபடி கை நீட்டியபோது தலையை ஆட்டி, மேலே போ என்று காட்டினீர்கள். கொடுக்கவில்லை.

போனேன். மூச்சை அடக்கினால் நுரையீரல் கிழிந்துவிடும் என்று, வழியெல்லாம் உள்ளே இருந்ததை ஊதிக்கொண்டே போனேன். அதனால் உயிர் தப்பியது, காது தப்பவில்லை. கேட்பவர்களிடம் எல்லாம் நீங்கள் அதை ஜலதோஷம் என்று சொல்லி வைத்திருக்கிறீர்கள்.

நீங்கள் அறியாதது ஒன்று உண்டு. படகில் உங்கள் முதுகிலிருந்து சிலிண்டரை இறக்கி வைத்தது நான்தான். காதிலிருந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது, ஆனாலும் பழக்கதோஷம், மீட்டரைப் பார்த்துவிட்டேன். அறுபது பார் இருந்தது. இரண்டு பேர் மாற்றி மாற்றி மூச்சு விட்டு மெதுவாக மேலே வர அது தாராளம். பதினொரு வருடமாக அந்த அறுபதை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடமும் சொன்னதில்லை.

பதறியது நீங்கள். அதில் ஒரு குற்றமும் இல்லை, தண்ணீருக்கடியில் யாருக்கும் வரும். மேலே வந்து, "பயந்துட்டேன், மன்னிச்சுடு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றே மறந்திருப்பேன். உங்கள் பயத்தை என் தலையில் கட்டி ஊரைச் சிரிக்க வைத்தீர்களே, அதைத்தான் என்னால் செரிக்க முடியவில்லை. வேலை ஒப்பந்தம் முடிந்ததும் வருவதாகச் சொல்லிப் போனவர், அதை மூன்றாவது முறையாக நீட்டித்ததைக் கடித ஓரத்தில் இரண்டு வரியில் எழுதியிருக்கிறீர்கள். நான் ஏன் என்று கேட்கவில்லை, கவனித்தீர்களா?

இருக்கட்டும். உங்கள் கேள்விக்கு வருகிறேன். தேர்ந்தெடுத்தது மூன்று லிட்டர் சிலிண்டர். தனி வால்வு, தனி ரெகுலேட்டர், தனி மீட்டர், உங்களோடு எந்த ஒட்டும் உறவும் இல்லாத காற்று. ரெகுலேட்டரை நானே பிரித்துக் கழுவி, வளையம் எல்லாம் மாற்றி, மூன்று நாள் தண்ணீர்த் தொட்டியில் போட்டுப் பார்த்துவிட்டேன். விமானத்தில் விடுவதற்காக வால்வைக் கழற்றி, காலியாக அனுப்புகிறேன். அங்கே மாட்டத் தெரியுமா என்று அவளைக் கேட்காதீர்கள், மாட்டுவாள். நிரப்பும்போதும் அவளே பக்கத்தில் நின்று இருநூறு வரை பார்த்துக்கொள்வாள். முதுகில் கட்ட வேண்டாம், மார்புப் பக்கம் தொங்க வேண்டும், அப்போதுதான் அவள் கண்ணுக்கு மீட்டர் தெரியும். வாயில் கவ்வும் மவுத்பீஸில் சிவப்பு டேப் சுற்றியிருக்கிறேன், அழகில்லை என்று பிரித்துவிடாதீர்கள்.

ஆறு வாரமாக ஞாயிறுதோறும், கடையிலிருந்து இரவல் வாங்கிய சின்ன சிலிண்டர் ஒன்றில் இதே சிவப்பு டேப் சுற்றி, நீச்சல் குளத்தில் பழக்கினோம். அவளுடைய பயிற்சியாளர், கெட்டிக்காரப் பெண்மணி, சொல்லாமல் கொள்ளாமல் பின்னால் வந்து வாலுவின் காற்றை மூடுவார். முதல் வாரமெல்லாம் அவள் கை யாரையாவது தேடித் துழாவியது. இப்போது நேராகச் சிவப்புக்குப் போகிறது. "அப்பா பக்கத்துலயே இருப்பாரும்மா, எதுக்கு இத்தனை தடவை?" என்று சிணுங்கினாள். அப்பா படம் எடுத்துக்கொண்டிருப்பார் என்று மட்டும் சொன்னேன். அதற்குமேல் உங்களைப் பற்றி ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வரவில்லை. நீங்கள் இப்போதும் அவளுக்கு ஹீரோதான், பயப்படாதீர்கள்.

படகுக் கம்பெனியின் அனுமதிப் படிவம் உள்ளே இருக்கிறது. பதினெட்டு வயது ஆகாததால் அம்மா அப்பா இருவரும் கையெழுத்துப் போட வேண்டுமாம். மூன்று நாள் மேசை டிராயரில் கிடந்தது. போடாமல் இருந்தால் அவள் அழுவாள், அழுதுவிட்டு உங்களிடம் வருவதையே நிறுத்த மாட்டாள். கடலுக்குள் போகிற ஆசையும் தீராது, அது என் ரத்தம். என் கண்ணுக்குத் தெரியாமல் போவதைவிட, இந்த சிலிண்டரோடு போகட்டும். என் பங்குக் கையெழுத்தைப் போட்டுவிட்டேன்.

எழுத வேண்டாம் என்று நினைத்ததையும் எழுதிவிடுகிறேன். போன ஞாயிறு பயிற்சியாளர் ஆட்டத்தைத் திருப்பிப் போட்டார். தன் காற்று தீர்ந்த மாதிரி கழுத்தைக் காட்டிக்கொண்டு வாலுவிடம் நீந்தி வந்தார். நம் பெண் ஒரு நொடி யோசிக்கவில்லை. தன் வாயில் இருந்ததைப் பிடுங்கி அவர் வாயில் வைத்துவிட்டாள். அவர் போதும் போதும் என்று சைகை செய்து திருப்பிக் கொடுத்தபோதும் தலையை ஆட்டினாள், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று. நான் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த மூன்று லிட்டரைத் தேர்ந்தெடுத்தது அன்றைக்குத்தான். அவளுடைய காற்று போய்விடுமோ என்று அல்ல. உங்களுக்குக் கொடுத்த பிறகு அவளிடம் ஏதாவது மிச்சம் இருக்க வேண்டுமே என்று.

எனக்காக எதுவும் கேட்கவில்லை. மன்னிப்பும் வேண்டாம், பதிலும் வேண்டாம். அடியில் இருக்கும்போது கேமராவை விட்டு உங்கள் மீட்டரை அடிக்கடி பாருங்கள். உங்களுக்குக் காற்று குறையும்படி வைத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் கை நீட்டினால் அவள் கொடுத்துவிடுவாள்.

இரண்டு பேரும் நல்லபடியாகப் போய், நல்லபடியாக மேலே வாருங்கள்.

இப்படிக்கு,
வாலுவின் அம்மா