குடை நிழல், கோபுர நிழல்

மார்ச் 3, திங்கள்

செப்டம்பரில் மேற்பார்வையாளர் இடம் காலியாகிறது. கூலிம் தொழிற்சாலையில் எனக்குப் பத்தொன்பது வருட அனுபவம். அது போதாதாம், பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம்மில் கணிதத்துக்குக் கிரெடிட் தரம் வேண்டுமாம். பள்ளியில் நான் தமிழில் முதல், கணிதத்தில் தோல்வி. மறுதேர்வுக்குப் பதிந்துவிட்டேன். எரிக்கிடம் சொல்லவில்லை. கணவர்தான், ஆனாலும்.

தொழிற்சாலையில் இரண்டு உற்பத்தி வரிசைகளுக்கு இரண்டு சுவர்க் கடிகாரங்கள். ஏழு நிமிட வித்தியாசம். பிந்தியதைப் பார்த்து வேலைக்கு வருகிறார்கள், முந்தியதைப் பார்த்து வீட்டுக்குப் போகிறார்கள். யாருக்கும் குறையில்லை.

மார்ச் 6, வியாழன்

வடிவொத்த முக்கோணங்கள். கோணங்கள் ஒன்றே, பக்கங்கள் ஒரே விகிதம். பணக்கார அண்ணனும் ஏழைத் தம்பியும் மாதிரி: மூக்கு அதே மூக்கு. சங்கடம் என்னவென்றால் பாடநூலில் தம்பியைத் தலைகீழாக நிறுத்தியிருக்கிறார்கள். எந்தப் பக்கத்துக்கு எது ஜோடி? தாளைத் திருப்பினேன். பிறகு நாற்காலியைத் திருப்பினேன். எரிக் பார்த்துவிட்டார்.

“என்னா ரூத், யாருக்கு டியூஷன்?”

“எனக்குத்தான்.”

அவர் சிரிக்கவில்லை. “பெயிலானா யாருக்கும் சொல்ல வேணாம் லா,” என்றார், ரொம்ப அன்பாக. சிரித்திருக்கலாம்.

மார்ச் 11, செவ்வாய்

பயிற்சித் தாளில் பத்துக்கு நான்கு. இந்த விகிதம் மட்டும் உடனே புரிகிறது.

மார்ச் 14, வெள்ளி

கெடா மாநிலத்தில் ஞாயிறு வேலை நாள், அதனால் தேவாலய ஆராதனை வெள்ளியில். ஆண்டவர் வெள்ளிக்கு இணங்கிவிட்டார். ஈஸ்டருக்குள் மணிக்கோபுரத்துக்குச் சாயம் அடிக்க வேண்டும், சாரம் கட்ட உயரம் தெரியவில்லை என்று சபைச் செயலாளர் பரஞ்சோதி அண்ணன் அலுத்துக்கொண்டார். நிழலை வைத்துச் சொல்கிறேன் என்றேன். யார் கேட்டார்கள் என்னை?

ஆராதனைக்கு முன், ஒன்பது மணிக்கு, குடையை நட்டேன். குடை 90 சென்டிமீட்டர், நிழல் 180. சரிபாதி. ஆராதனை முடிந்து, மீகூன் சாப்பிட்டு, பத்தரைக்குக் கோபுர நிழலை அளந்தேன். பதினொரு மீட்டர். ஆக, கோபுரம் ஐந்தரை மீட்டர். சத்தமாகவே அறிவித்தேன்.

“தங்கச்சி,” என்றார் அண்ணன், “போன வருஷம் நான் வாங்குன மணிக்கயிறே ஒம்பது மீட்டர். மிச்சக் கயிறு மண்ணுக்குள்ளயா போவுது?”

சபை கைதட்டாததுதான் பாக்கி. பாக்கார் ஆராங்கில் எங்கள் வீடு வரும்வரை எரிக் கார் வானொலியைச் சத்தமாக வைத்தார்.

மார்ச் 15, சனி

சூத்திரம் சரி. பெருக்கல் சரி. டேப்பும் சரி. அப்புறம் என்னதான் தப்பு? நான்தானா? துணி துவைத்தேன், காய்ந்த துணியையும் துவைத்தேன். தேர்வுக்குப் போகாமல் இருந்துவிடலாம். காய்ச்சல் என்று சொல்லலாம்—யாரிடம்? கேட்கப்போவது யார்?

மார்ச் 18, செவ்வாய்

அடுத்த வரிசை நம்மை முந்திவிட்டதாகப் பலகையில் எழுதியிருந்தார்கள். என் பக்கத்தில் வேலை செய்யும் யோகேஸ்வரி கொதித்தாள்.

“நம்ம கடிகாரத்துல பத்து மணி ஆனப்ப அவங்களோடதுல இன்னும் ஆவல, ஏழு நிமிஷம் கூட ஓட்டிட்டாங்க. வேற வேற நேரத்துல எண்ணிட்டு யாரு ஜெயிச்சான்னா, என்ன கணக்குக்கா இது?”

கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தேன்.

ஒன்பது மணிக்குக் குடை. பத்தரைக்குக் கோபுரம். நடுவே ஒன்றரை மணி நேரம் பிரசங்கமும் மீகூனும். பிரசங்கம் நீள நீள வெயில் ஏறி, நிழல் சுருங்கியிருக்கிறது. கோணமே மாறிய பின் வடிவொப்பு எங்கே?

மார்ச் 21, வெள்ளி

பத்தரை மணி. குடையும் கோபுரமும் அடுத்தடுத்து. குடை நிழல் 86 சென்டிமீட்டர். கோபுர நிழல் பதினொரு மீட்டர். உயரம் பதினொன்றரை. டேப்பின் ஒரு முனையை எரிக் பிடித்தார், கேட்காமலே. பரஞ்சோதி அண்ணன் கயிற்றை நினைத்துப் பார்த்து, “ம், இருக்கும்,” என்றார். எங்கள் சபையில் இது பொன்னாடை.

ஜூன் 24, செவ்வாய்

தேர்வு மண்டபம். சுற்றிலும் என் பாதி வயதுக்காரர்கள். ஒரு பிள்ளை என்னை ஆசிரியை என்று நினைத்துக் கூடுதல் தாள் கேட்டாள். நிழல் கணக்கு வந்தது. ‘ஒரே நேரத்தில்’ என்று வினாவிலேயே இருந்தது. அடிக்கோடு போட்டேன். அதற்கு மதிப்பெண் கிடையாது.

செப்டம்பர் 8, திங்கள்

கிரெடிட் கிடைத்தது. மேற்பார்வையாளரின் புது நாற்காலி ஆடுகிறது. முதல் வேலையாக ஏணி கேட்டேன்.

“மொத நாளே ஏணியாக்கா?” என்றாள் யோகேஸ்வரி, அதைப் பிடித்துக்கொண்டே.

இரண்டு கடிகாரங்களையும் ஒரே நேரத்துக்கு வைத்தேன். மாலை ஐந்து மணிக்கு, ஏழு நிமிடம் பறிபோன இரண்டு வரிசைகளும் என்னை முறைத்தன. ஒரே விகிதத்தில்.